ஓஎஸ் போடுவதற்கு முன் ஒரு வார்த்தை

2014 மே மாதம், நான் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறியியல் கல்லூரியில் கோடை விடுமுறை. ஜவுளித் துறையின் சாய லேபில் இருந்த கணினியை ஃபார்மேட் செய்து, விண்டோஸ் எக்ஸ்பி என்ற பழைய ஓஎஸ்ஸை (ஆபரேட்டிங் சிஸ்டம், கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்) எடுத்துவிட்டு விண்டோஸ் 7 போட்டு, கீபோர்டைத் துடைத்து வைத்துவிட்டு வந்தேன். அந்த ஏப்ரல் 8-ஆம் தேதியோடு எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு, அதாவது மாதாமாதம் வரும் பாதுகாப்புத் திருத்தம், முடிந்திருந்தது. ஜூனில் கல்லூரி திறப்பதற்குள் எங்குமே எக்ஸ்பி இருக்கக்கூடாது என்பது எனக்குக் கொடுத்திருந்த வேலை. நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. ஒரு நாளைக்குப் பதினைந்து மெஷின் என்று கணக்கு வைத்து முடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் அந்த லேப் அண்ணன் என் அறை வாசலில் வந்து நின்றார். சென்னிமலைக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். கல்லூரிக்கு வருவதற்கு முன் திருப்பூரில் சாயப்பட்டறையில் பல வருஷம் ஷேடு (நிறச் சாயல்) பார்த்தவர். சத்தம் போடவில்லை. "ஏனுங்க தம்பி, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களே" என்றார். அவ்வளவுதான்.

அந்தக் கணினியோடு ஒரு ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் இணைந்திருந்தது. சாயம் போட்ட துணியை அதன் வாயில் வைத்தால், 400 முதல் 700 நானோமீட்டர் அலைநீளம் வரை பத்துப் பத்தாக 31 இடங்களில் எவ்வளவு ஒளி திரும்பி வருகிறது என்று அளக்கும். அந்த அளவை வைத்து, எந்தச் சாயத்தை எத்தனை சதவீதம் போட்டால் அதே ஷேடு வரும் என்று மென்பொருள் ரெசிபி சொல்லும். ரெசிபி சரியாக வர வேண்டுமானால் லேபில் இருக்கும் ஒவ்வொரு சாயத்தையும் வெவ்வேறு சதவீதத்தில் முக்கியெடுத்து, அந்தத் துணிகளை முன்கூட்டியே அளந்து ஏற்றி வைத்திருக்க வேண்டும். அவர் ஒன்பது வருஷமாக ஏற்றி வைத்திருந்தார். அந்த விவரமெல்லாம் டாக்குமென்ட்ஸ் போல்டரில் இல்லை. மென்பொருள் தன் போக்கில் சி டிரைவுக்குள் வேறொரு இடத்தில் சேமித்திருந்தது. நான் டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் மட்டும்தான் பேக்கப் எடுத்திருந்தேன்.

கருவியோடு கணினி பேசுவதற்கான டிரைவர் மென்பொருள் விண்டோஸ் 7-இல் ஏறவே இல்லை. மென்பொருள் திறக்க, பிரின்டர் மாட்டும் பழைய பாரலல் போர்ட்டில் ஒரு டாங்கிள் (உரிமத்துக்குச் சாவி போன்ற சின்னக் கருவி) செருகியிருக்க வேண்டும். விற்றவர்களைக் கேட்டால் அந்த மாடலே இப்போது இல்லை, புதுக் கருவிதான் வாங்க வேண்டும் என்றார்கள். ஆக, எக்ஸ்பியையே திரும்பப் போட்டேன். போன விவரங்களை மீட்கப் பார்த்தேன். மேலே புதிதாக எழுதிவிட்டதால் ஒன்றும் உருப்படியாகக் கிடைக்கவில்லை.

அந்த அண்ணன் எல்லாவற்றையும் கெட்டி அட்டை நோட்டுகளில் எழுதியும் வைத்திருந்தார். சாயத்தின் பெயர், லாட் நம்பர், சதவீதம், பக்கத்திலேயே துணித்துண்டு ஒட்டியிருக்கும். இரண்டு மாதம், தினமும் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் அவரோடு உட்கார்ந்தேன். அவர் துணியை அளப்பார், நான் பெயரையும் சதவீதத்தையும் தட்டச்சு செய்வேன். நிறம் மங்கிப்போன துண்டுகளை மறுபடி முக்கியெடுத்தார். ஒரு நாள்கூட அந்தத் தவறைச் சொல்லிக் காட்டவில்லை.

அன்றிலிருந்து இன்றுவரை நான் வைத்திருக்கும் பழக்கம் ஒன்றுதான். ஒரு கணினி பழைய ஓஎஸ்ஸிலேயே நின்றுகொண்டிருந்தால், அதற்குள் யாருக்கோ வேண்டிய ஏதோ ஒன்று இருக்கிறது. அது என்ன, அந்த ஆள் யார் என்று தெரியும்வரை அதில் கை வைப்பதில்லை.

நான் வேலை பார்ப்பது ஈரோடு மாவட்டத்தில், கீழ்பவானி வாய்க்கால் பாயும் பக்கம் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில். எக்ஸ்பி, விண்டோஸ் 7, விண்டோஸ் 10 என்று மூன்று முறை இந்த ஆதரவு முடியும் காலத்தைக் கடந்திருக்கிறேன். இதே வேலையில் இருக்கும் சிஸ்டம் அட்மின்களுக்கும் லேப் டெக்னீஷியன்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் காசு கொடுப்பவர்களிடம் பேசுவது. எங்கள் தாளாளருக்குத் தென்னந்தோப்பு உண்டு, கிணறு உண்டு. எதையும் நேராகக் கேட்பார். "நல்லா ஓடிட்டிருக்கற கம்ப்யூட்டருங்க. அந்தத் தேதி வந்தா நின்னு போயிருங்களா?" என்றார். நிற்காதுங்க ஐயா என்றேன். "அப்பொறம் எதுக்குங்க மாத்தணும்?"

இதற்கு நான் சொன்ன பதில்: ஊரில் எல்லா வீட்டிலும் ஒரே கம்பெனிப் பூட்டு. அந்தப் பூட்டில் மாதம் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கிறார்கள். கம்பெனி ஆள் வந்து இலவசமாக அடைத்துவிட்டுப் போகிறார். குறிப்பிட்ட தேதிக்கு மேல் நம் வீட்டுக்கு வரமாட்டார். புது மாடல் பூட்டு வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்கு மட்டும் போவார். அங்கே எந்த இடத்தை அடைத்தார் என்பதைத் திருடனும் பார்க்கிறான். நம் பூட்டிலும் அதே இடத்தில்தான் ஓட்டை. விண்டோஸ் விஷயத்தில் இது அப்படியே பொருந்தும். புதிய பதிப்புக்கும் பழைய பதிப்புக்கும் உள்ளே பொதுவான நிரல் நிறைய உண்டு. புதியதற்கு வரும் திருத்தத்தைப் பிரித்துப் பார்த்தாலே பழையதில் எங்கே அடிக்கலாம் என்று தெரிந்துவிடும்.

அவர் சற்று நேரம் யோசித்தார். "மார்க்கு, ஃபீசு கணக்கெல்லாம் எந்த மெஷினுல இருக்குதுங்க? அதைய மொதல்ல மாத்திருங்க. பசங்க படிக்கறது பொறவு பாக்கலாம்" என்றார். நான் லேப்களில் தொடங்கி ஆபீஸில் முடிப்பதாகத் திட்டம் போட்டிருந்தேன், எண்ணிக்கை லேபில்தான் அதிகம் என்பதால். அவர் சொன்ன வரிசைதான் சரி. அலுவலகம், தேர்வுப் பிரிவு, நூலகம், அப்புறம் லேப்கள் என்று மாற்றிக்கொண்டேன்.

2017 மே 12, வெள்ளிக்கிழமை. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வன்னாகிரை வைரஸ் பரவிய நாள். மறுநாள் காலை டீக்கடையில் டிவியில் பார்த்துவிட்டு நேராகக் கல்லூரிக்கு ஓடினேன். எனக்கு அப்போது பயமெல்லாம் சாய லேபின் எக்ஸ்பி மெஷினைப் பற்றித்தான். அதில் பயப்பட ஒன்றுமில்லை. 2014-லேயே அதன் நெட்வொர்க் கேபிளைக் கழற்றி, போர்ட்டில் டேப் ஒட்டியிருந்தேன். அசல் ஆபத்து விண்டோஸ் 7-இல் இருந்தது. உலகம் முழுக்கப் பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள்தான் என்பது பிறகு தெரியவந்தது. அந்த ஓட்டைக்கான திருத்தம் மார்ச் 14-ஆம் தேதியே வந்துவிட்டது. ஆதரவில் இருந்த ஓஎஸ், வந்துவிட்ட திருத்தம், ஆனாலும் எங்கள் கல்லூரியில் கிட்டத்தட்ட பாதிக் கணினிகளில் அது ஏறியிருக்கவில்லை.

காரணத்தைத் தேடினால், அப்டேட்டை நிறுத்தி வைத்ததே நாங்கள்தான். 2015-16-இல் விண்டோஸ் 10-க்கு இலவசமாக மாறச் சொல்லி ஒரு அறிவிப்பு திரையில் வந்துகொண்டே இருந்தது. செய்முறைத் தேர்வு நடக்கும்போது தொந்தரவு என்று லேப் லேபாக அப்டேட்டை அணைத்தோம். தேர்வு முடிந்ததும் திரும்ப ஆன் செய்யும் வேலையை யாருக்கும் ஒப்படைக்கவில்லை. அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் பென் டிரைவோடு ஒவ்வொரு மெஷினாக உட்கார்ந்து திருத்தத்தை ஏற்றினோம். எங்களுக்கு எதுவும் ஆகவில்லை. ஆகாமல் போனது எங்கள் திறமையால் இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

அதற்குப் பின் எதை அணைத்தாலும், எப்போது, யார் திரும்ப ஆன் செய்வார்கள் என்று லேப் கதவின் உள்பக்கம் ஒரு தாளில் எழுதி ஒட்டுகிறோம்.

அடுத்தது 2020 ஜனவரி 14, விண்டோஸ் 7. இங்கே எங்களைக் கட்டிப்போட்டது டர்போ சி, அதாவது சி மொழி நிரலைக் கணினியில் ஓடும்படி மாற்றும் ஒரு கம்பைலர். 1987-இல், விண்டோஸ் பரவுவதற்கு முந்தைய ஓஎஸ்ஸான டாஸுக்காக வந்த 16-பிட் மென்பொருள். 64-பிட் விண்டோஸில் ஓடாது. அதற்காகவே முதலாண்டு லேபின் அறுபது கணினிகளிலும் 32-பிட் விண்டோஸ் 7 போட்டிருந்தோம். 8 ஜிபி ராம் போட்ட மெஷின்களில் 4 ஜிபிக்கும் குறைவாகத்தான் பயன்பட்டுக்கொண்டிருந்தது. டர்போ சியின் நீலத் திரையில் மாணவர்கள் சி படித்தார்கள்.

சிலபஸில் டர்போ சி என்று எங்கேயும் இல்லை. ஆசிரியர்களின் லேப் மேனுவலில் இருந்தது, ரெக்கார்டு நோட்டில் இருந்தது, செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னலின் பழக்கத்திலும் இருந்தது. மூத்த பேராசிரியர் ஒருவரிடம் இலவசக் கம்பைலரான ஜிசிசிக்கு மாறலாங்களா சார் என்று கேட்டேன். அவர் மேனுவலை என் முன் திறந்து வைத்தார். முழு எண்ணை வைக்கும் 'இன்ட்' எத்தனை பைட் என்ற பயிற்சிக்கு விடை 2. 32767-உடன் ஒன்றைக் கூட்டினால் மைனஸ் 32768 வரும் என்று காட்டும் பயிற்சி ஒன்று. ஜிசிசியில் இன்ட் 4 பைட், அந்தப் பயிற்சியின் விடை 32768 என்றே வரும். "இருபது வருஷ மேனுவலப்பா இது. எழுபது புரோகிராம். நீங்க ஒரே நாள்ல மாத்திருவீங்க, நான் எழுபதையும் ஓட்டிப் பாக்கணும்" என்றார். நியாயமான பேச்சு. புதுசைப் பிடிக்காதவர் என்று அவரைப் பற்றி நான் நினைத்திருந்தது தவறு. அந்த எழுபது புரோகிராமின் பாரம் அவர் தலையில் இருந்தது.

எம்இ மாணவர்கள் நான்கு பேரைக் கேட்டுக்கொண்டோம். எழுபதையும் ஜிசிசியில் ஓட்டி, எது அப்படியே ஓடுகிறது, எதில் திரையைத் துடைக்கும் வரியை எடுக்க வேண்டும், எதில் விடையே மாறுகிறது என்று பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள். விடை மாறியவை சொற்பம். அந்த இன்ட் பயிற்சியைச் சார் எடுத்துவிடவில்லை. இரண்டு கம்பைலரிலும் ஓட்டி, ஏன் வேறுபடுகிறது என்று எழுதச் சொல்லும் பயிற்சியாக மாற்றிவிட்டார். இப்போது மேனுவலிலேயே நல்ல பயிற்சி அதுதான் என்று எனக்குத் தோன்றும். எக்ஸ்டர்னல் கேட்டால் இருக்கட்டும் என்று பழைய டாஸ் மென்பொருளை ஓட்டும் டாஸ்பாக்ஸில் டர்போ சியையும் இரண்டு வருஷம் வைத்திருந்தோம். அப்புறம் யாரும் கேட்கவில்லை.

அந்த மாற்றம் முடிவதற்குள் மார்ச்சில் ஊரடங்கு வந்துவிட்டது. லேப்கள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. திறந்தபோது எலி கடித்த கேபிள்கள் ஒருபக்கம். இன்னொரு பக்கம், ஒரு வரிசை முழுக்க அப்டேட்டும் ஏறவில்லை, எந்த இணையதளமும் பாதுகாப்பு எச்சரிக்கை இல்லாமல் திறக்கவில்லை. நெட் கோளாறு என்று இரண்டு நாள் சுவிட்சை மாற்றி மாற்றிப் பார்த்தோம். கடைசியில் பார்த்தால், மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்து, கணினியின் தேதி பல வருஷம் பின்னால் போயிருந்தது. தேதி தவறானால் இணையதளச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தெரியும், அப்டேட் சர்வரோடும் பேச முடியாது. சிஆர் 2032 என்று கேட்டால் எந்தக் கடையிலும் கிடைக்கும் பேட்டரி. இப்போது அப்டேட் ஏறவில்லை என்று யார் கூப்பிட்டாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, திரையின் மூலையில் என்ன தேதி காட்டுகிறது என்பதுதான்.

எங்கள் ஊரில் ஆயுத பூஜைக்கு முன் லேப் முழுக்கத் துடைத்துக் கழுவி, ஒவ்வொரு மானிட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது வழக்கம். பீரோவுக்குள், மேசைக்கடியில் மறந்து கிடக்கும் சிபியூகூட அன்றைக்கு வெளியே வரும். 2021-இலிருந்து கணக்கெடுப்பையும் அதே வாரத்தில் வைத்துக்கொண்டேன். பொட்டு வைக்காத மெஷின் இருக்காது என்பதால், கணக்கில் வராத மெஷினும் இருக்காது. ஒரு நீள நோட்டு. இடம், பிராசஸர், ராம், டிஸ்க், ஓஎஸ், அதில் ஓடியே ஆக வேண்டிய மென்பொருள், கடைசிப் பத்தியில் ஆள். அந்த மென்பொருள் போனால் யாருக்கு வேலை நிற்குமோ அவருடைய பதவியும் போன் நம்பரும். எக்செல்லிலும் ஏற்றுகிறேன், ஆனால் பட்டியல் பிறப்பது நோட்டில்தான். கையில் நோட்டோடு போய் நின்றால்தான் அந்தந்த லேப் ஆட்கள் பேசுகிறார்கள்.

அப்படித்தான் தமிழ் அம்மாவின் விஷயம் தெரிந்தது. 2021 ரெகுலேஷனில் (பாடத்திட்டத்தில்) தமிழர் மரபு, தமிழரும் தொழில்நுட்பமும் என்று பொறியியல் மாணவர்களுக்கும் தமிழ்ப் பாடங்கள் வந்தபின் சேர்ந்தவர். அதற்கு முன் கலைக் கல்லூரியில் பதினைந்து வருஷம். அத்தனை வருஷ வினாத்தாள்களும் குறிப்புகளும் பாமினி எழுத்துருவில் இருந்தன. அவருடைய பழைய தட்டச்சு மென்பொருள் புதிய விண்டோஸில் நிற்கவில்லை. பாமினியில் எழுத்து என்பது வெறும் படம்தான். ஆங்கிலச் சின்ன 'எம்' இருக்கும் இடத்தில் 'அ'வின் படம் உட்கார்ந்திருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழே தெரியாது, ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும்.

எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இருக்கின்றன. ஆனால் வினாத்தாளின் தலைப்பில் நேரம், மதிப்பெண் எல்லாம் ஆங்கிலத்தில் அடித்திருந்தார்கள். முழுதாக ஒட்டி மாற்றினால் அந்த ஆங்கிலமும் அர்த்தமில்லாத தமிழ் எழுத்துகளாகிவிடும். அதனால் பாமினிப் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து மாற்றி, அம்மாவே வரி வரியாகப் பிழை பார்த்தார். தட்டச்சுக்கு விண்டோஸிலேயே இருக்கும் தமிழ் 99 கீபோர்டு முறையைப் பழகினார். உயிரெழுத்து இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு என்று அதன் அமைப்பு புரிந்ததும் ஒரே மாதத்தில் வேகம் வந்துவிட்டது. "தம்பி, இதைப் பத்து வருஷம் முன்னாடியே யாராச்சும் சொல்லியிருக்கக்கூடாதா" என்றார். அவரிடம் யாரும் கேட்காததால்தான் யாரும் சொல்லவில்லை.

இனி விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14 என்ற தேதி பல வருஷம் முன்பே அறிவித்த ஒன்று. ஆஃபீஸ் 2016-க்கும் 2019-க்கும் அதே நாள்தான் என்பதைப் பலர் கவனிக்கவில்லை. ஓஎஸ்ஸை மட்டும் மாற்றிவிட்டு ஆஃபீஸை அப்படியே விட்ட இடங்களைப் பார்த்திருக்கிறேன்.

2024 ஆயுத பூஜைப் பட்டியலை வைத்துக்கொண்டு பிரித்தோம். விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால், சில விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறை பிராசஸர் வேண்டும். கூடவே டிபிஎம் 2.0 (ரகசியச் சாவிகளைப் பாதுகாக்கும் வசதி), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் கொண்டு கணினி எழும் வசதி). தகுதியில்லை என்று காட்டிய மெஷின்கள் எல்லாம் உண்மையில் தகுதியில்லாதவை இல்லை. எட்டாம் தலைமுறை ஐ5 போட்ட ஒரு லேபே தகுதியில்லை என்று வந்தது. டிபிஎம், பயாஸுக்குள் (ஓஎஸ்ஸுக்கு முன் வரும் அமைப்புத் திரை) பிடிடி என்ற பெயரில் அணைத்துக் கிடந்தது. கூடவே, விண்டோஸ் போட்டவர்கள் டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிப்பதில் பழைய எம்பிஆர் முறையை வைத்திருந்தார்கள். விண்டோஸ் 10-இலேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி கட்டளையால் டிஸ்க்கை அழிக்காமலேயே புதிய ஜிபிடி முறைக்கு மாற்றி, பயாஸில் கணினி எழும் முறையை யுஇஎஃப்ஐக்குத் திருப்பி, பிடிடியை ஆன் செய்தால் முடிந்தது. பேக்கப் எடுத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். நாற்பது கணினி வாங்கும் செலவு இதிலேயே மிச்சம். கடைக்காரரின் கொட்டேஷனை வாங்குவதற்கு முன் பயாஸைத் திறந்து பாருங்கள்.

நிஜமாகவே பழைய மெஷின்களுக்கு, தகுதிச் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11 போட்டுத் தருவதாகக் கடைகளில் சொல்வார்கள். இரண்டு மெஷினில் நாங்களும் செய்து பார்த்தோம். ஓடுகிறது. ஆனால் அடுத்த பெரிய பதிப்பு தானாக வரவில்லை, ஒவ்வொரு முறையும் கையால் தள்ள வேண்டியிருந்தது. அறுபது மெஷினுக்கு அதைச் செய்ய எங்களிடம் ஆளில்லை, விட்டுவிட்டோம்.

புது மெஷின்கள் யாருக்கு என்பதில் ஒரு சண்டையே நடந்தது. வழக்கமாகப் புதியவை கம்ப்யூட்டர் சயன்ஸ் லேபுக்குப் போகும்; இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருபவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். நான் நோட்டைக் காட்டினேன். ஆட்டோகேட் ஓட்டும் சிவில் டிராயிங் லேபுக்கும், கணக்கு மென்பொருளான டேலி ஓட்டும் எம்பிஏ லேபுக்கும் விண்டோஸை விட்டால் வழியில்லை. சி, பைத்தான், ஜாவா, டேட்டாபேஸ் லேப்களில் விண்டோஸ் கட்டாயமே இல்லை. அதனால் புது மெஷின்கள் சிவிலுக்குப் போயின. நான்காம், ஆறாம் தலைமுறை ஐ3 மெஷின்களுக்கு பழைய டிஸ்க்குக்குப் பதில் வேகமான 240 ஜிபி எஸ்எஸ்டியும், ராம் குறைவாக இருந்தவற்றுக்கு இன்னொரு 4 ஜிபியும் போட்டு உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் ஓஎஸ் ஏற்றினோம். துறைத்தலைவர் மேடம் முதலில் மனம் வருந்தினார். ஒரு மெஷினைத் தயார் செய்து, அவருடைய மேசையிலேயே இரண்டு வாரம் வைத்தேன். எஸ்எஸ்டி போட்ட பழைய மெஷின் டிஸ்க் வைத்த மெஷினைவிட வேகமாகத் திறப்பதை அவரே பார்த்தபின் பேச்சு மாறியது.

மிச்சமிருந்தவற்றுக்கு, அதாவது விண்டோஸ் 10-ஐ உடனே விட முடியாத கருவிகளோடு இணைந்த மெஷின்களுக்கு, காசு கொடுத்து வாங்கும் நீட்டிப்புத் திருத்தங்கள் உண்டு. கல்வி நிறுவனங்களுக்கு வால்யூம் லைசன்ஸ் (மொத்தமாக வாங்கும் உரிமம்) வழியாக ஒரு கணினிக்கு முதலாண்டு 1 டாலர், இரண்டாமாண்டு 2, மூன்றாமாண்டு 4. 2028 அக்டோபர் வரை தாக்குப்பிடிக்கலாம். இந்த விலை தெரியாமல், நிறுவனங்களுக்கான 61 டாலரை நினைத்துக்கொண்டு கைவிட்டவர்கள் உண்டு. அந்த அவகாசத்தில் என்ன செய்யப் போகிறோம் என்பதை வாங்கும் நாளிலேயே நோட்டில் எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் 2028-இலும் அதே இடத்தில்தான் நிற்போம்.

லினக்ஸ் போட்டால் தேதித் தொல்லை இல்லை என்று ஒரு நினைப்பு இருக்கிறது. எனக்கும் இருந்தது. நெட்வொர்க் லேப் சர்வரில் சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் ஓடிக்கொண்டிருந்தது; 2024 ஜூன் 30-ஓடு அதற்கும் முடிந்தது. இன்னொரு லேபில் ஒரு மாணவர் ஆர்வத்தில் உபுண்டு 21.10 போட்டிருந்தார். இடைப்பட்ட பதிப்புகளுக்கு ஒன்பது மாதம்தான் ஆதரவு. அது முடிந்தபின் மென்பொருள் கிடங்கையே பழைய பதிப்புகளுக்கான சர்வருக்கு மாற்றிவிடுவார்கள், எதை நிறுவப் போனாலும் கோப்பு இல்லை என்று 404 பிழை வரும். லேபுக்கு நீண்ட கால ஆதரவுள்ள எல்டிஎஸ் பதிப்பு மட்டும்தான், ஐந்து வருஷம் நிம்மதி.

வேலை நடக்கும் நாட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மைக்ரோசாஃப்ட்டின் மாதத் திருத்தம் இரண்டாம் செவ்வாய் வரும், நம் நேரப்படி இரவு என்பதால் நாங்கள் பார்ப்பது புதன். அதை எல்லா மெஷினிலும் உடனே ஏற்றுவதில்லை. ஒவ்வொரு லேபிலும் முதல் வரிசையில் மட்டும் ஏற்றி, ஒரு வாரம் மாணவர்கள் பயன்படுத்தியபின் மற்ற வரிசைகளுக்கு விடுகிறோம். 2024 ஜூலை 19-இல் கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரே ஒரு அப்டேட்டால் உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பிழை காட்டும் நீலத்திரையில் நின்றன. நாங்கள் அந்த மென்பொருளைப் பயன்படுத்தவில்லை என்றாலும், முதல் வரிசைப் பழக்கத்தைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் கேள்வி கேட்கவில்லை.

பெரிய மாற்றங்களுக்கு மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடைத் தேதியைப் பார்த்துவிட்டுத்தான் நாள் குறிக்கிறேன். துணைமின் நிலையம் வாரியாகப் பேப்பரில் வந்துவிடும். மறந்த ஒரு நாள், அப்டேட் பாதியில் இருக்கும்போது யுபிஎஸ் பேட்டரி இறங்கி எட்டு மெஷின் எழவே இல்லை. ஆடிக் காற்றில் சொல்லாமலே கரண்ட் போகும், அந்த மாதம் பெரிய வேலை எதையும் தொடுவதில்லை. இன்னொன்று, அறுபது மெஷினும் தனித்தனியாக இணையத்திலிருந்து இறக்கினால் கல்லூரி முழுக்க நெட் நின்றுவிடும். ஒன்றைத் தயார் செய்து, இமேஜ் (டிஸ்க்கின் முழு நகல்) எடுத்து, அதைப் பல கணினிகளுக்கு அனுப்பும் ஃபாக் சர்வர் வழியாக எல்லாவற்றுக்கும் ஒட்டுக்கா அனுப்புகிறோம். உபுண்டுவுக்கு ஒரு கேஷ் சர்வர் போதும். ஒரு முறை இறங்கியதை எல்லோரும் உள்ளேயே எடுத்துக்கொள்கிறார்கள்.

கழித்த மெஷின்களைப் பழைய இரும்புக்கு எடைக்குப் போடாதீர்கள். டிஸ்க்கில் மாணவர் விவரம் இருக்கும். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பவர், மறுசுழற்சியாளர் இவர்களில் ஒருவரிடம்தான் தர வேண்டும். டிஸ்க்கை நாங்களே கழற்றி, அழித்து, அப்புறம்தான் அனுப்புகிறோம்.

அந்தச் சாய லேப் எக்ஸ்பி மெஷினுக்கு வருகிறேன். கேபிள் இல்லாமல், ஒரே ஒரு பென் டிரைவ் மட்டும் அனுமதி என்ற கட்டுப்பாட்டோடு பதினோரு வருஷம் ஓடியது. டிஸ்க்கை, நகல் எடுக்கும் மென்பொருளான குளோன்ஸில்லாவில் இமேஜ் எடுத்து இரண்டு இடத்தில் வைத்திருந்தேன். அதே மாடல் மெஷின் ஒன்று வேறு துறையில் கழித்துப் போட்டபோது, அதையும் கேட்டு வாங்கிப் பூட்டி வைத்தேன். 2023-இல் மதர்போர்டு கெபாசிட்டர் உப்பிப் போனபோது அந்த மெஷின்தான் கை கொடுத்தது. டாங்கிளை மாற்றிச் செருகி, இமேஜை இறக்கி, மதியத்துக்குள் லேப் ஓடிவிட்டது.

2025-இல் துறை புதுக் கருவி வாங்கியது, மென்பொருள் விண்டோஸ் 11-இல் ஓடும். வாங்குவதற்கு முன்பே பழைய விவரங்களை ஏற்றிக் காட்டச் சொன்னோம். பழைய மென்பொருளிலிருந்து ஒவ்வொரு துணியின் 31 எண்களையும் டெக்ஸ்ட் ஃபைலாக எடுக்க முடிந்தது, புதியது அதை வாங்கிக்கொண்டது. திரையில் எல்லாம் சரி. ஆனால் நோட்டின் கடைசிப் பத்தியில் இருந்த ஆள், பணி ஓய்வு பெற்றுச் சென்னிமலையில் இருந்தார். போன் செய்தேன். "பஸ் ஏறி வந்தர்றனுங்க தம்பி" என்றார்.

வந்தார். புது மென்பொருள் சொன்ன ரெசிபிகளில் ஆறு ஷேடை முக்கியெடுக்கச் சொன்னார். காய்ந்ததும் தன் பழைய நோட்டின் துண்டுகளோடு சேர்த்துப் பிடித்து, பகல் வெளிச்ச விளக்குப் பெட்டியில் ஒரு தடவை, வடக்கு ஜன்னல் ஓரம் ஒரு தடவை பார்த்தார். ஐந்தை மேசையில் வைத்தார். மெரூனை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டார். "இதுல செவப்பு சித்தெ கம்மியா இருக்குதுங்க. இந்தச் செவப்போட சதவீதத்தை ஒருக்கா பாத்துருங்க" என்றார்.

நோட்டையும் திரையையும் வரி வரியாக ஒப்பிட்டோம். கருவியிலும் தவறில்லை, மாற்றியதிலும் தவறில்லை. அதிகம் யாரும் பயன்படுத்தாத ஒரு சிவப்புச் சாயம். நோட்டில் 1.5 என்று இருந்தது. 2014-இல் நான் 1.0 என்று தட்டச்சு செய்திருந்தேன். திருத்தி, மறுபடி ரெசிபி எடுத்து, மறுபடி முக்கினோம். அது காயும்வரை அவர் கிளம்பவில்லை.